எஃகின் மேல் வைரம் நிற்குமா?

எஃகின் மேல் வைரப் பூச்சு வளர்த்திருக்கிறோம் என்று சொல்லும் ஆய்வறிக்கை கைக்கு வந்தால், படங்களைக் கடைசியில்தான் பார்ப்பேன். நுண்ணோக்கிப் படங்கள் எப்போதும் அழகாகவே இருக்கும். முக்கோண முகங்களும் கூர்முனைகளுமாகப் படிகங்கள் நெருக்கியடித்து நிற்கும். பார்த்த மாத்திரத்தில் வேலை முடிந்துவிட்டது என்றே தோன்றும். நான் முதலில் தேடுவது இரண்டு எண்களை: படலத்தின் தடிமன் எத்தனை மைக்ரோமீட்டர், வளர்த்த வெப்பநிலை எத்தனை டிகிரி. இந்த இரண்டும் கிடைத்தால், அந்தப் படலம் எவ்வளவு இறுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். அந்த ஓரக் கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதப் போகிறேன். எஃகுக்கும் வைரத்துக்கும் நடுவில் போடும் இடையடுக்கால் எது முடியும், எது முடியவே முடியாது என்பதில் இந்தத் துறையிலேயே இருப்பவர்களும் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

வைரப் பூச்சு என்பது ஒன்றும் புதிதல்ல. குறைந்த அழுத்தத்தில், வாயுவிலிருந்து வைரத்தை வளர்க்க முடியும் என்பதை அமெரிக்காவில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் வில்லியம் எவர்சோல் 1950களின் தொடக்கத்திலேயே செய்து காட்டினார். சோவியத் நாட்டில் போரிஸ் டெரியாகினும் போரிஸ் ஸ்பிட்சினும் தனியாக அதே வழியில் போனார்கள். ஆனால் உலகம் முழுக்க ஆய்வகங்கள் இதை எடுத்துக்கொண்டது 1982க்குப் பிறகுதான். அந்த ஆண்டு ஜப்பானின் கனிமப் பொருள் ஆய்வு நிறுவனத்தில் மட்சுமோட்டோவும் அவருடைய சகாக்களும் சூடான இழை முறையை வெளியிட்டார்கள். எந்த நல்ல ஆய்வகத்திலும் கட்டிவிடக்கூடிய அளவுக்கு எளிய கருவி அது. காற்றை இறைத்துவிட்ட ஒரு சேம்பர். உள்ளே 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெண்மையாகக் காயும் டங்ஸ்டன் அல்லது டான்டலம் கம்பி. அதைத் தாண்டி ஓடும் ஹைட்ரஜன். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் மீத்தேன். கம்பிக்குச் சில மில்லிமீட்டர் கீழே, 700 முதல் 900 டிகிரி சூட்டில், பூச்சு ஏற வேண்டிய பொருள்.

இதில் உண்மையான வேலைக்காரன் மீத்தேன் அல்ல, ஹைட்ரஜன். சூடான கம்பியில் பட்டு ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. அந்தத் தனி அணு, வளரும் வைரத்தின் முகத்தில் இணை இல்லாமல் தொங்கும் பிணைப்புகளை மூடி வைத்து, முகம் கிராஃபைட்டாகச் சுருண்டுவிடாமல் காக்கிறது. பிறகு ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி இடம் திறந்துவிடுகிறது; அந்த இடத்தில் மீத்தேனிலிருந்து பிரிந்த மெத்தில் துணுக்கு ஒன்று வந்து அமர்கிறது. எங்காவது கிராஃபைட் உருவானால், வைரத்தை அரிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக அதை அரித்துவிடுகிறது. சாதாரண அழுத்தத்தில் கிராஃபைட்தான் நிலையான வடிவம். வைரத்துக்கு அங்கே இடமில்லை. ஹைட்ரஜன் அணுக்கள் இடைவிடாமல் காவல் காப்பதால் மட்டுமே, மணிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் வேகத்தில் வைரம் வளர்கிறது. அந்தக் காவல் எவ்வளவு மெல்லியது என்பதை எஃகைப் போலத் தெளிவாக எந்தப் பொருளும் எனக்குக் காட்டியதில்லை.

சிலிக்கானின் மேல், மாலிப்டினத்தின் மேல், சிலிக்கான் கார்பைடின் மேல் வைரம் நன்றாகவே வளர்கிறது. பம்புகளில் சுழலும் சிலிக்கான் கார்பைடு சீல் வளையங்களுக்கு வைரப் பூச்சு போட்டு விற்கிறார்கள். கிராஃபைட்டையும் கார்பன் இழைக் கூட்டுப்பொருளையும் வெட்டும் டங்ஸ்டன் கார்பைடு கருவிகளுக்கும் போடுகிறார்கள். எஃகுக்குத்தான் இல்லை. உலகத்தின் தாங்கிகள், பற்சக்கரங்கள், அச்சுகள், தண்டுகள் பெரும்பாலும் எஃகு. உராய்வும் தேய்மானமும் தின்பது அதைத்தான். ஆகவே எஃகின் மேல் வைரம் என்ற ஆசை ஆய்வாளர்களை நாற்பது ஆண்டுகளாக விடாமல் துரத்துகிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. அது நடக்கும் என்றே இன்றும் நம்புகிறேன்.

முதல் தடை இரும்பின் வேதியியல். இடையடுக்கு எதுவும் இல்லாத எஃகுத் துண்டைச் சேம்பரில் வைத்து மீத்தேனைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாடிச் சாளரம் வழியாகவே பார்க்கலாம். பளபளத்த பரப்பு மங்கும், கறுக்கும். கடைசியில் வெளியே எடுத்தால் கையில் ஒட்டும் கரி. அந்தக் கரியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஆங்காங்கே சில வைரத் துகள்கள் இருக்கும், ஊதினால் போய்விடும்.

நடப்பது இதுதான். அந்தச் சூட்டில் எஃகின் உள்ளமைப்பு ஆஸ்டெனைட் என்ற படிக வடிவமாக மாறிவிடுகிறது. ஆஸ்டெனைட் எடையில் 2 சதவீதம் வரை கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 900 டிகிரியில் கார்பன் அணு எஃகுக்குள் ஒரு மணி நேரத்தில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவும். மேலே அதே ஒரு மணியில் வைரம் வளரும் அளவு 1 மைக்ரோமீட்டர்தான். கொடுப்பதைவிட நூறு மடங்கு ஆழத்துக்குக் குடிக்கும் தரை இது. வைரம் முளைவிடுவதற்குத் தேவையான கார்பன் பரப்பில் நிற்பதே இல்லை. பற்சக்கரங்களின் மேல்தோலைக் கடினமாக்க உலைகளில் கார்பன் ஏற்றுகிறோமே, அதே வேலை இங்கே யாரும் கேட்காமலேயே நடந்துவிடுகிறது.

சரி, குடித்து முடிக்கட்டும், நிறைவுற்ற பிறகு வைரம் வளரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் மோசம். நிறைவுற்ற எஃகின் பரப்பில் சிமென்டைட் என்ற இரும்புக் கார்பைடு உருவாகிறது. அதன் மேல் கிராஃபைட் முளைத்ததும் சிமென்டைட் சிதைந்து, நுண்ணிய இரும்புத் துகள்களும் கரியுமாகப் பிரிகிறது. அந்த இரும்புத் துகள் ஒவ்வொன்றும் மேலும் கரியை வளர்க்கும் வினையூக்கி. பெட்ரோ வேதியியல் ஆலைகளின் குழாய்களை அரிக்கும் உலோகத் தூளாக்கம் என்ற நோயும் இதே பாதையில்தான் போகிறது. இரும்புத் துகளையும் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் ஏறத்தாழ இதே சூட்டில் வைத்தே வேறு ஆய்வகங்கள் கார்பன் நானோகுழாய்களை வளர்க்கின்றன. இரும்பின் முழுதும் நிரம்பாத எலக்ட்ரான் கூடுகள் கார்பனைப் பிடித்துக்கொள்ளவும், தட்டைத் தட்டையாக அடுக்கி விடவும் அவ்வளவு தோதானவை. ஹைட்ரஜன் அணுவின் காவல் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்றுப்போகிறது.

இதில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும் ஒன்று உண்டு. 1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரத்தைச் செய்தபோது உதவியது இரும்புதான். அவர் பயன்படுத்தியது இரும்பு சல்ஃபைடு. இன்றும் உயர் அழுத்த முறையில் உருகிய இரும்பும் நிக்கலும் கோபால்ட்டும்தான் கிராஃபைட்டைக் கரைத்து வைரமாகப் படிய வைக்கின்றன. 5, 6 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் (1 கிகாபாஸ்கல் என்பது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு) வைரம் நிலையானது, ஆகவே இரும்பு வைரத்தைத் தருகிறது. அழுத்தம் இல்லாத இடத்தில் கிராஃபைட் நிலையானது, ஆகவே கிராஃபைட்டைத் தருகிறது. இரும்பு தன் போக்கை மாற்றுவதில்லை. கார்பனை எது நிலையோ அதை நோக்கி வேகமாகக் கொண்டுசேர்க்கிறது, அவ்வளவுதான். வைரப் பூச்சோ நிலையில்லாத ஒன்றை நிற்கவைக்கும் கலை. அங்கே வேகமூட்டி இருக்கக் கூடாது.

டங்ஸ்டன் கார்பைடு கருவிகளில் இதே சிக்கல் சிறிய அளவில் வந்தது. கார்பைடுத் துகள்களைப் பிணைக்கும் கோபால்ட், இரும்பின் பக்கத்து வீட்டுத் தனிமம். அதுவும் கரி வளர்க்கும். ஆனால் அங்கே கோபால்ட் பொதுவாக எடையில் 6 சதவீதம் அளவுதான். பரப்பிலிருந்து அமிலத்தால் அதைக் கரைத்து எடுத்துவிட்டால் போதும், கீழே கார்பைடு எலும்புக்கூடு நிற்கும். எஃகில் எதைக் கரைத்து எடுப்பது? முழுவதுமே இரும்பு. ஆகவே மறைப்பதைத் தவிர வழியில்லை. இடையடுக்கு என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது.

அந்த அடுக்கிடம் கேட்கும் வேலைகளைப் பாருங்கள். கார்பன் கீழே போகக் கூடாது. இரும்பு மேலே வரக் கூடாது. வைரம் அதன் மேல் அடர்த்தியாக முளைக்க வேண்டும். அதற்குக் கார்பனோடு ஓரளவு பிணைந்து கார்பைடு தரும் தனிமம் வேண்டும், ஆனால் இரும்பைப் போலக் குடித்துத் தீர்க்கக் கூடாது. எஃகோடு அது விடாமல் ஒட்டியிருக்க வேண்டும். தனி ஹைட்ரஜன் அணுக்களின் தாக்குதலைப் பல மணி நேரம் தாங்க வேண்டும். எல்லாம் 800 டிகிரியில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொருள் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று கிடைப்பது அரிது.

டைட்டானியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடு தரும், நன்றாக ஒட்டும். ஆனால் ஹைட்ரஜனை உறிஞ்சி ஹைட்ரைடாகி நொறுங்கும் குணம் அதற்கு உண்டு. சிலிக்கான் மேல் வைரம் அருமையாக வளரும். ஆனால் கீழே இரும்போடு கலந்து சிலிசைடாகும், அது பளிங்கு போல உடையும். டங்ஸ்டனும் மாலிப்டினமும் நல்ல தடுப்புகள். ஆவியாக்கிப் படியவைக்கும் ஆவிப்படிவு முறையில் போடும்போது தூண் தூணாக வளர்வதால் தூண்களுக்கு நடுவிலான எல்லைகள் கார்பனுக்கும் இரும்புக்கும் சந்துகளாகிவிடுகின்றன. இவற்றை நான் வேகமாகக் கடந்துபோகிறேன். என் மனதைப் பிடித்தவை வேறு இரண்டு.

முதலாவது குரோமியம் நைட்ரைடு. எஃகின் மேல் இதைப் போடும் கைத்திறன் தொழிற்சாலைகளில் ஏற்கெனவே முதிர்ந்து கிடக்கிறது. இரும்பைக் கீழேயே நிறுத்தும். மீத்தேன் பட்டதும் மேல்பரப்பு நைட்ரஜனை இழந்து குரோமியம் கார்பைடாக மாறும். அந்தக் கார்பைடில் வைரம் வேர்பிடிக்கும். அதாவது தடுப்புச் சுவராகப் போன அடுக்கு, போன இடத்தில் தன் மேல்தோலை மாற்றிக்கொண்டு வைரத்துக்கு ஏற்ற தரையும் ஆகிவிடுகிறது. நெதர்லாந்தின் நெய்மேகன் பல்கலைக்கழகத்திலும் இஸ்ரேலின் டெக்னியனிலும் இதை வெகு பொறுமையாக ஆராய்ந்தார்கள். மாற்றம் மேல்தோலோடு நின்றால் நல்லது. ஆழமாகப் போனால் வெளியேறிய நைட்ரஜனின் இடம் நுண்துளைகளாக மிஞ்சும். ஆகவே அடுக்கின் தடிமனும் வளர்ப்பின் முதல் சில நிமிடங்களில் மீத்தேன் எவ்வளவு என்பதும் இங்கே முக்கியம்.

இரண்டாவது வனேடியம் கார்பைடு. உருகிய போராக்ஸில் (வெண்காரத்தில்) வனேடியம் கலந்து அதில் எஃகை மூழ்கவைத்தால், எஃகுக்குள் இருக்கும் கார்பனே மேலே வந்து வனேடியத்தோடு சேர்ந்து கெட்டியான கார்பைடுத் தோலாகிறது. ஜப்பானில் டொயோட்டாவின் ஆய்வகம் அச்சுகளைக் கடினமாக்க வளர்த்தெடுத்த முறை இது. இதை வைரத்துக்கு அடித்தளமாக்கிய வேலையைப் பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் பார்க்கிறோம்; அவர்கள் கார்பைடுத் தூளை லேசரால் எஃகின் மேல் உருக்கிப் பதிக்கும் வழியையும் முயன்றார்கள். எஃகின் கார்பனையே எடுத்து, வெளியிலிருந்து வரும் கார்பனுக்கு மதில் கட்டுவது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. வெளியிலிருந்து ஒட்டிய தோல் போல இது தனித்து நிற்காது. எஃகிலிருந்தே வளர்ந்ததால் பிடிப்பு பலமாக இருக்கிறது.

போரான் ஏற்றிய எஃகையும் சொல்ல வேண்டும். போரான் உள்ளே போய் இரும்பு போரைடாகும்போது, குறைந்த கார்பன் எஃகில் அதன் அடிப்பக்கம் ரம்பப்பல் போல எஃகுக்குள் இறங்கி நிற்கும், பிய்த்தெடுப்பது கடினம். கனடாவின் சஸ்காச்செவன் பல்கலைக்கழகத்தில் அலுமினியத்தை எஃகோடு சேர்த்துப் பார்த்தார்கள். பரப்பில் தானாக உருவாகும் மெல்லிய அலுமினா இரும்பின் வினையூக்கத்தை அடக்கிவிடுகிறது. ஒரு சில நானோமீட்டர் ஆக்சைடு இவ்வளவு செய்யும் என்பது அழகான கண்டுபிடிப்பு.

இந்த அளவில் பார்த்தால், வேதியியல் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றே சொல்வேன். நல்ல குரோமியம் நைட்ரைடு அடுக்கின் மேல், நானோ வைரத் துகள்களைத் தூவி விதைத்து, கரியில்லாத முழுமையான வைரப் படலத்தை வளர்க்க இன்று முடியும். சூட்டிலிருக்கும்போது அது எஃகின் மேல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். பிறகு கம்பியை அணைக்கிறோம்.

ஆறும்போது கேட்கும் அந்தச் சத்தம் இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மெல்லிய சடசடப்பு. சில நேரம் சேம்பரைத் திறக்கும்வரை எதுவும் நடக்காது. மேசையில் வைத்த துண்டு, காற்றிலுள்ள ஈரம் விரிசல் முனையில் ஏற ஏற, மறுநாள் உரியும். சாளரம் வழியாகக் கறுத்துப்போன துண்டைப் பார்ப்பதைவிட இது மனதை அதிகம் வருத்தும், ஏனென்றால் உரிந்து விழுவது நல்ல வைரம்.

ஓரக் கணக்கு இங்கே வருகிறது. 1 மீட்டர் நீள வைரத்தை அறை வெப்பநிலையில் 1 டிகிரி சூடேற்றினால் 1 மைக்ரோமீட்டர்தான் நீளும். எஃகு 11 அல்லது 12 நீளும். குரோமியமும் நிக்கலும் மிகுந்த துருப்பிடிக்காத எஃகு 17 வரை போகும். சூடு கூடக் கூட இரண்டும் இன்னும் வேகமாக விரியும். சராசரி வித்தியாசத்தைச் சிக்கனமாக 10 என்றே வைப்போம். 700 டிகிரி ஆறினால், எஃகு வைரத்தைவிட 0.7 சதவீதம் அதிகமாகச் சுருங்குகிறது. கேட்கச் சிறிய எண். ஆனால் வைரம்தான் நமக்குத் தெரிந்த பொருள்களில் மிக விறைப்பானது. தட்டையான படலத்தில் அந்தச் சுருக்கத்தை, வைரத்தின் விறைப்பைக் காட்டும் எண்ணான 1200 கிகாபாஸ்கலால் பெருக்க வேண்டும். வருவது 8 கிகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட அமுக்கத் தகைவு, அதாவது படலத்துக்குள் ஒவ்வொரு பரப்பலகிலும் தேங்கி நிற்கும் அமுக்க விசை. உயர் அழுத்த முறையில் வைரம் செய்யும் இயந்திரத்தின் அழுத்தத்தை விட அதிகம் இது. பக்கவாட்டில் மட்டும் அமுங்குகிறது என்பதுதான் வேறுபாடு. உண்மையில் எஃகு கொஞ்சம் இளகிக் கொடுப்பதால் சற்றுக் குறையும். கணிசமாகக் குறையாது.

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். வைரத்தின் விரிவு 1, எஃகின் விரிவு 12, ஆகவே நடுவில் 5 அல்லது 6 உள்ள ஓர் அடுக்கைப் போட்டால் வித்தியாசம் படிப்படியாகக் குறைந்து தகைவு தணியும் என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது நியாயமாகத் தோன்றும். தவறு. எஃகு சில மில்லிமீட்டர் தடிமன். இடையடுக்கு சில மைக்ரோமீட்டர். வைரம் சில மைக்ரோமீட்டர். எஃகு எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவுக்கு மேலே இருக்கும் அனைத்தும் சுருங்கியே தீர வேண்டும். வண்டி போகிற பக்கம்தான் வண்டியில் ஏறியவரும் போவார். நடுவில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதால் வண்டியின் வழி மாறாது. இடையடுக்கின் விரிவு எண் 3 ஆனாலும் 9 ஆனாலும் வைரப் படலத்தின் நடுப்பகுதியில் உள்ள தகைவு அதேதான். ஓரங்களில், சில மைக்ரோமீட்டர் அகலத்துக்கு மட்டும், மென்மையான இடையடுக்கு சற்றே விட்டுக்கொடுக்கும்.

லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் அணுப் பிணைப்புகளின் அதிர்வைப் படிக்கும் ராமன் நிறமாலை இதை நேரடியாகவே காட்டும். தகைவில்லாத வைரத்தின் கோடு, சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்ற அலகில், 1332இல் நிற்கும். அமுக்கம் அரை கிகாபாஸ்கலுக்குச் சற்று அதிகமாகக் கூடும் ஒவ்வொரு முறையும் ஓர் அலகு மேலே நகரும். 8 கிகாபாஸ்கல் என்றால் 1346ஐத் தொட வேண்டும். எஃகின் மேல் 800 டிகிரியில் வளர்த்த படலத்துக்கு யாராவது 1333 என்று காட்டி, இடையடுக்கு தகைவைத் தணித்துவிட்டது என்று எழுதினால், நான் அந்தப் படலம் அடியில் ஏற்கெனவே விடுபட்டுவிட்டதா என்றுதான் முதலில் கேட்பேன். விடுபட்ட படலம்தான் அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

அப்படியானால் இடையடுக்குக்கு இயந்திரவியலில் வேலையே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. தகைவை அதனால் குறைக்க முடியாது. அந்தத் தகைவைத் தாங்கும் பிடிப்பைத் தர முடியும். இவை இரண்டும் வெவ்வேறு.

அமுங்கிய படலம் உரியும்போது, அழுத்திய சுருள்வில்லைப் போல அதில் சேர்ந்திருந்த மீள்ஆற்றல் வெளிப்படுகிறது. 8 கிகாபாஸ்கலில் 5 மைக்ரோமீட்டர் வைரத்துக்கு அது சதுர மீட்டருக்கு 250 ஜூலுக்கு மேல் வருகிறது. சாதாரணக் கண்ணாடியைப் பிளக்க 10 ஜூல்கூடத் தேவையில்லை. கரிப் படிவு ஒன்று நடுவில் இருந்தால் அது தாங்கும் அளவு கண்ணாடியையும் விடக் குறைவு. ஆகவே பரப்புப் பிணைப்பை மட்டும் நம்பினால் தோல்வி உறுதி. இந்த ஆற்றல் தடிமனோடு நேர் விகிதத்திலும் தகைவின் வர்க்கத்தோடும் கூடுகிறது. தடிமனைப் பாதியாக்கினால் ஆற்றல் பாதி. வளர்க்கும் வெப்பநிலையை 800இலிருந்து 400க்கு இறக்கினால் ஏறத்தாழக் கால் பங்கு. நான் முதலில் அந்த இரண்டு எண்களைத் தேடுவதன் காரணம் இதுவே.

ஆனால் தட்டையான இடத்தில் அமுங்கிய படலம் தானாக எழும்பிவிடாது. எங்காவது ஒட்டாத ஒரு திட்டு இருக்க வேண்டும். அங்கே அது புடைத்து எழும், எழுந்த கொப்புளத்தின் விளிம்பில் விரிசல் ஓடும். எவ்வளவு பெரிய திட்டு வேண்டும் என்றும் கணக்கிடலாம்: 8 கிகாபாஸ்கலில் 5 மைக்ரோமீட்டர் படலத்துக்கு 0.1 மில்லிமீட்டர் அகலம் போதும். 1 மைக்ரோமீட்டர் படலத்துக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அந்தத் திட்டு எங்கிருந்து வருகிறது? இடையடுக்கில் ஒரு ஊசித்துளை, அதன் வழியே எட்டிப்பார்த்த இரும்பு, அதைச் சுற்றிப் படர்ந்த கரி. வேதியியல் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொன்னேனே, இந்த இடத்தில் அது மறுபடியும் உள்ளே வந்துவிடுகிறது. பரப்பின் பெரும்பகுதி சுத்தமாக இருப்பது போதாது. மீதியிருக்கும் துளைகள்தான் படலத்தின் ஆயுளை முடிவு செய்கின்றன. ஒரே தடிமனான அடுக்கைவிட, நடுவில் நிறுத்தி மறுபடி வளர்த்த பல அடுக்குகள் நன்றாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒரு அடுக்கின் துளை அடுத்த அடுக்கில் அடைபடுகிறது.

கூர்மையான விளிம்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமுங்கிய படலம் வளைந்த பரப்பில் இருந்தால், அது பரப்பை விட்டு வெளியே தள்ளும். வளைவின் ஆரம் குறையக் குறைய அந்தத் தள்ளல் கூடும். எஃகுத் துண்டின் மூலைகளிலிருந்தே உரிதல் தொடங்குவதைப் பார்க்காதவர் இந்தத் துறையில் இருக்க முடியாது. விளிம்பை உருட்டிவிடுவது மிகச் சாதாரண வேலை. பல அறிக்கைகளில் அதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

பிடிப்பைக் கூட்டும் வழிகளில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இயந்திரப் பூட்டு. நிக்கல் முலாம் பூசும்போது வைரத் துகள்களையும் சேர்த்துப் பதித்து, பாதி புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் நிற்கவிட்டு, அந்தத் தலைகளின் மேல் வாயுவிலிருந்து வைரத்தை வளர்ப்பது ஒரு முறை. படலம் அடியிலுள்ள துகளோடு ஒரே வைரமாகிவிடுகிறது. துகளோ உலோகத்துக்குள் வேரூன்றி இருக்கிறது. விரிசல் நேர்கோட்டில் ஓட முடியாது. ஒவ்வொரு துகளையும் சுற்றியோ பிடுங்கியோதான் போக வேண்டும், அப்போது நிக்கல் நெகிழ்ந்து ஆற்றலைத் தின்கிறது. நிக்கலும் கரி வளர்க்கும் உலோகம்தான் என்பது இதன் பலவீனம். லேசரால் பதித்த கரடுமுரடான கார்பைடு அடுக்குகளும் இதே காரணத்தால்தான் வழவழப்பான ஆவிப்படிவுகளைவிட நன்றாக நிற்கின்றன என்று நினைக்கிறேன். பொருளின் பெயரைவிட அதன் மேடுபள்ளம் முக்கியம்.

வெப்பநிலையை இறக்குவது இன்னொரு வழி, நீண்ட காலத்தில் அதுவே வெல்லும் என்று கருதுகிறேன். காரணம் தகைவு மட்டுமல்ல. வெட்டும் கருவிகளுக்கான அதிவேக எஃகுகளை 550 டிகிரி அளவில் பதப்படுத்துகிறார்கள். அதற்கு மேல் பல மணி நேரம் வைத்தால் எஃகு தன் கடினத்தை இழக்கும். மென்மையாகிப்போன எஃகின் மேல் 3 மைக்ரோமீட்டர் வைரம் இருந்து என்ன பயன்? பாரம் ஏறும்போது அடித்தளம் குழியும், வைரம் உடையும். 500 டிகிரிக்குக் கீழே வளர்த்தால் எஃகின் பதமும் காக்கப்படும், கார்பன் ஊடுருவலும் மிகவும் மெதுவாகும், தகைவும் இறங்கும். இதற்குக் கொடுக்கும் விலை, வளரும் வேகம் குறைவது. நேர்கோட்டு ஆன்டெனா வைத்த நுண்ணலைப் பிளாஸ்மா கருவிகள் இந்தச் சூட்டில் நல்ல நானோபடிக வைரத்தைத் தருகின்றன, ஆனால் மணிக்குச் சில பத்து நானோமீட்டர் அளவில்தான். அவ்வளவு மெல்லிய படலத்தால் ஆகும் வேலைகளை முதலில் தேடுவதே புத்திசாலித்தனம்.

வைரமொத்த கார்பன் பூச்சு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: பல வேலைகளுக்குப் போதும். 200 டிகிரியிலேயே எஃகின் மேல் போடலாம், குரோமியம் அல்லது சிலிக்கான் அடிப்பூச்சோடு நன்றாக ஒட்டும், எஞ்சின் பாகங்களில் தினமும் ஓடுகிறது. அது படிகமில்லாத கார்பன். கடினத்திலும் வெப்பக் கடத்தலிலும் உயர் வெப்பத்தைத் தாங்குவதிலும் வைரத்துக்கு ஈடாகாது. விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாகப் பேசுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எஃகைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது என்பதையும் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. துருப்பிடிக்காத ஆஸ்டெனைட் எஃகில் விரிவு 17. ஃபெரைட் வகைத் துருப்பிடிக்காத எஃகில் 10 அல்லது 11. இடையடுக்கை மாற்றி மாற்றிச் சோதிப்பவர்கள் எஃகை மட்டும் கையில் கிடைத்ததாகவே வைத்துக்கொள்கிறார்கள். தகைவை நிர்ணயிப்பது எஃகு. அதை மாற்றினால்தான் தகைவு மாறும்.

இந்தத் துறையில் புதிதாக இறங்கும் மாணவர்கள் என்னிடம் எதை அளக்க வேண்டும் என்று கேட்டால், ஒரே இடையடுக்கின் மேல் 1, 2, 4, 8 மைக்ரோமீட்டர் என்று தடிமனைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வேன். எந்தத் தடிமனில் உரிகிறது என்பதே அந்த இடையடுக்கின் உண்மையான மதிப்பெண். உரிந்த இடத்தின் இரு பக்கங்களையும் பார்த்து, வைரத்துக்கும் கார்பைடுக்கும் நடுவில் பிரிந்ததா, கார்பைடுக்கும் எஃகுக்கும் நடுவிலா, கரித் திட்டிலிருந்து தொடங்கியதா என்று குறித்துவைக்கச் சொல்வேன். உரியாமல் நிற்கும் துண்டுகளை ஈரக்காற்றில் ஒரு மாதம் வைத்துவிட்டு மறுபடி ராமன் எடுக்கச் சொல்வேன். கோடு அப்போதும் 1340க்கு மேலேயே நின்றால், அந்த இடையடுக்கின் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள்.